தொடை ஊசி இருக்கட்டும் தம்பி, குழந்தை வேண்டுமா?

கோத்தகிரியிலிருந்து அமெரிக்கா வந்து மூன்று மாதம், டாக்டர் வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி எழுதித் தந்திருக்கிறார் என்கிறீர்கள். நானே போட்டுக்கொள்ளலாமா, வலிக்குமா, ஊரிலிருந்து மலிவாக வரவழைக்கலாமா, எந்த இன்ஷூரன்ஸ் நல்லது என்று நான்கு கேள்வி. இன்ஷூரன்ஸை உங்கள் ஆபீசில் கேளுங்கள். வலியா? தேயிலைக் கவாத்துக் குச்சி காலைக் கீறி வளர்ந்தவருக்கு அது ஒன்றுமே இல்லை.

நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். வயது 31, போன வருடம்தான் கல்யாணம். குழந்தை வேண்டுமா? வெளியிலிருந்து இந்த ஹார்மோன் உள்ளே போனதும், மூளை விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு குறையும், பலருக்குப் பூஜ்யமே ஆகிவிடும். இதை டாக்டரிடம் பேசாமல் முதல் ஊசியைத் தொடாதீர்கள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. நியூஜெர்சிக்கு வந்த புதிதில் நைட் ஷிப்ட், நான்கு பேர் ஒரே அறை, தூக்கம் கிடையாது. சோர்வு தாங்காமல் கடைத்தெருவில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். சாயங்காலம் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, அடுத்த வாரமே ஊசி. காலையில் வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் பார்த்து, இரண்டிலும் டெஸ்டோஸ்டிரோன் அளவு 300க்கு (ng/dL) கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் பேச்சையே எடுக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. குழந்தைக்காக ஊசியை நிறுத்தினேன். விந்தணு திரும்பி வர 14 மாதம். அந்த 14 மாதமும் ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு போனிலும் “விசேஷம் உண்டா?” என்ற கேள்வி வந்து விழுந்தது என் மனைவி காதில்தான்.

பெட்டியில் மருந்து கொண்டுவரும் அண்ணன்மார் இங்கே நிறைய. நம் ஊர் மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைத்ததே என்பார்கள். இங்கே இது ஷெட்யூல் 3, அதாவது அரசு கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, சீட்டில்லாமல் வைத்திருந்தாலே குற்றம். விசாவில் இருப்பவருக்கு அந்த வீரம் வேண்டாம். ஜிம்மில் நின்றுகொண்டு அளவைக் கூட்டச் சொல்பவர்களில் ஒருவரும் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) பார்த்ததில்லை. இந்த மருந்து ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார், இல்லை அது இறங்கும் வரை நிறுத்திவைப்பார்.

இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒழுங்காகப் பரிசோதித்து, திரும்பத் தொடங்கினேன். இப்போது ஞாயிறு காலை காபிக்கு முன் ஐந்து நிமிட வேலை. மருந்து பருத்திக்கொட்டை எண்ணெயில் இருப்பதால் சிரிஞ்சில் மெதுவாகத்தான் ஏறும். தடித்த ஊசியால் இழுத்து, மெல்லிய ஊசிக்கு மாற்றி, தொடையின் வெளிப்பக்கம் போடுவேன். ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. நர்ஸ் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும், கை பழகிவிடும்.

ஒரு ஜனவரியில் சீட்டும் குப்பியுமாக நீலகிரியில் இருக்கும் அருவங்காட்டுக்குப் போயிருந்தேன். வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஜன்னலோரம் வைத்த குப்பியில் காலையில் பார்த்தால் உப்புப் போல வெள்ளைத் துகள். கெட்டுப்போய்விட்டது என்று பதறிவிட்டேன். குளிரில் அப்படி உறையும், சூடாக்கிக் குலுக்கினால் கரைந்துவிடும் என்று மருந்துத்தாளிலேயே போட்டிருந்தது. அம்மா காபி டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து, குப்பியை நிறுத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“சர்க்கரையாடா உனக்கு?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த லீவு முழுக்க எனக்குச் சர்க்கரை இல்லாத காபிதான்.