குடல் அடைப்பு உள்ளவருக்கு நார் உணவு வேண்டாம்

வணக்கம். சினைப்பைப் புற்றுநோயால் அம்மாவின் குடல் ஓரளவு அடைபட்டிருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகும், மலம் இளகட்டும் என்று கீரையும் வாழைத்தண்டும் கொடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவற்றை உடனே நிறுத்துங்கள். சாதாரண மலச்சிக்கலுக்கு உதவும் நார்ச்சத்து, குறுகிப்போன குடலில் செரிக்காமல் திரண்டு, மிச்சமிருக்கும் வழியையும் அடைத்துவிடக்கூடும். மலம் இளகத் தண்ணீரில் கலந்து குடிக்கும் நார்ப்பொடியான இசப்கோலுக்கும் இதே ஆபத்து உண்டு.

குழைய வேகவைத்து மசித்த சாதம், இட்லி, தயிர், முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றைச் சிறு அளவில் ஐந்தாறு வேளையாகப் பிரித்து, நன்றாக மென்று விழுங்கச் சொல்லிக் கொடுங்கள். ரசத்தை வடிகட்டியே ஊற்றுங்கள். தக்காளித் தோல், கறிவேப்பிலை, மிளகாய் விதை எதுவும் தட்டில் விழக்கூடாது. தேங்காய்த் துருவலையும் முழுப் பயறுகளையும் முருங்கைக்காயையும் தவிருங்கள். கொஞ்சமாகச் சாப்பிடுவதால் உடல் மெலியுமே என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். அதற்குரிய சத்துப் பானத்தை மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் கேளுங்கள்.

மலமிளக்கியோ வாந்தியை நிறுத்தும் மாத்திரையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடைப்பு முழுமையாக இருந்தால் சில மருந்துகள் வலியைக் கூட்டிவிடும். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், விட்டுவிட்டு முறுக்கும் வலியோ பச்சை நிற வாந்தியோ வந்தால், உணவை நிறுத்திவிட்டு, இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.