சூரியன் மறையாத கன்னியாகுமரி

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளுக்காக, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் இருபது நிமிடக் காட்சி ஒன்று தயாரிக்கிறேன். சித்ரா பௌர்ணமி மாலையில், கன்னியாகுமரியில் சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஒன்றாகத் தெரிவதைக் காட்டித் தொடங்க ஆசை. உலகில் வேறெங்கும் காண முடியாத காட்சி அல்லவா? ஸ்கிரிப்டில், அதாவது மென்பொருளுக்குக் கொடுக்கும் கட்டளை வரிகளில், 2025 மே 12, மாலை 6.30 என்று நேரம் கொடுத்தேன். இடம் 8.08, 77.55. ஓடவிட்டால் சூரியன் மறையவே மாட்டேன் என்கிறது. அடிவானத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. நிலா வரவே இல்லை. மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள். இந்த வேலைக்கு ஸ்டெல்லேரியம் நல்லதா, செலஸ்டியா நல்லதா? ஒரு நட்சத்திரத்துக்கு அல்டெபரான் என்று பெயர் போடுவதா, ரோகிணி என்று போடுவதா? பின்னணியில் வீணை வைக்கலாமா?

ஸ்கிரிப்ட் என்பது எண்களை நிரப்பும் வேலைதானே, நெட்டில் கிடைத்ததை எடுத்து மாற்றினால் போதும் என்று நினைத்து இறங்கினேன். எழுத்தாளரிடம் கேட்கிற கேள்வி இல்லைதான். நீங்கள் முன்பு பள்ளிகளில் வானக்காட்சி நடத்தியதாக நண்பர் ஒருவர் சொன்னார், அதனால் கேட்கிறேன்.

ர., மார்த்தாண்டம்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் சூரியன் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. இடத்தைச் சொல்லும் அந்த வரியில் முதலில் வர வேண்டியது தீர்க்கரேகை, அடுத்ததுதான் அட்சரேகை. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசைக்கு நேர் எதிர். நீங்கள் 8.08ஐ முதலில் போட்டீர்கள். மென்பொருள் உங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் 77 பாகை வடக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் நிறுத்திவிட்டது. மே மாதத்தில் அங்கே சூரியன் மறையாது. நடு இரவிலும் அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகைக்குக் குறையாமல் நிற்கும். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது, அதனால் அங்கே அன்று எழவே எழாது. மூன்று நாள் நீங்கள் மல்லுக்கட்டியது மென்பொருளோடு அல்ல, துருவப் பிரதேசத்தோடு.

அதைத் திருத்தி ஓடவிட்டால் சூரியனே இருக்காது. பதறாதீர்கள். முதல் தப்புக்குப் பின்னால் இரண்டாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. நேரத்தைச் சொல்லும் வரியில் 'லோக்கல்' என்று சேர்க்காவிட்டால் அது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த 18.30 நமக்கு இரவு சரியாகப் பன்னிரண்டு மணி. பௌர்ணமி உச்சியில் நிற்கும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

மற்ற கேள்விகள். செலஸ்டியா ஆளைத் தூக்கிக்கொண்டு சனிக்கோளின் வளையத்துக்குப் போகும், ஸ்டெல்லேரியம் தரையில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அல்டெபரான் அரபுப் பெயர், பின்தொடர்பவன் என்று பொருள். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னாலேயே வருவதால் அப்படி. ரோகிணி வடமொழி. இரண்டையும் போடுங்கள், அந்த நட்சத்திரத்துக்கு ஆட்சேபம் இருக்காது. வீணை வேண்டாம்.

எண்களை நிரப்பும் வேலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் இரண்டு வரியில் மின்னஞ்சல் போட்டு முடித்திருப்பேன். நீங்கள் நிரப்பிய எண் எதைச் சொல்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? ஓர் ஆள் எங்கே நிற்கிறான் என்று சொல்கிறது. அந்த வரி தப்பினால் மீதி முந்நூறு வரியும் பிழையில்லாமல் ஓடும், ஓடி இன்னொரு ஊர் வானத்தைக் காட்டும். இயற்பியல் நடத்துகிறவர், கன்னியாகுமரியில் மறையாத சூரியனைப் பார்த்ததும் 'எங்கே நிற்கிறேன்' என்றுதானே முதலில் கேட்டிருக்க வேண்டும்? மூன்று நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே தப்பை இன்னும் பெரிதாகச் செய்தவன் நான்.

பத்து வருடத்துக்கு முன்னால், கடற்கரைப் பள்ளி ஒன்றில் காட்சி நடத்தினேன். எண்களெல்லாம் சரி. தெற்கே திரும்பி, வானம் இருண்டு, தென்சிலுவை நிமிர்ந்து நிற்கிறது. நான்கு நட்சத்திரங்களையும் கோடு போட்டு இணைத்துக் காட்டி, கொஞ்சம் பெருமையாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒன்று எழுந்தது.

"சார், குருசுவெள்ளிக்குக் கீழ எதுக்கு மரம் நிக்குது? அங்க கடல்லா வரணும்?"

ஸ்டெல்லேரியத்தை முதலில் எழுதிய ஃபாபியன் ஷெரோ பிரான்சுக்காரர். மென்பொருளை நிறுவியதும் வருகிற நிலக்காட்சி பிரான்சில் ஒரு கிராமத்தின் புல்வெளி, சுற்றிலும் மரங்கள். ஊரை மாற்றினால் நட்சத்திரங்கள் மாறும், தரை மாறாது. நான் கன்னியாகுமரி என்று எழுதிவிட்டு, அந்தப் பிள்ளைகளைப் பிரான்சின் புல்வெளியில் உட்கார வைத்து அவர்கள் வானத்தைக் காட்டியிருக்கிறேன். பட்டியலில் 'ஓஷன்' என்று ஒரு கடல் காட்சியும் உண்டு. அதை மாற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை. தென்சிலுவை என்று நான் நாலு தடவை சொல்லியிருப்பேன், அந்தப் பெண் குருசுவெள்ளி என்று ஒரே தடவை சொன்னது. அதன் வீட்டில் யாரோ காட்டிக்கொடுத்த பெயர். குருசு என்றால் சிலுவை, வெள்ளி என்றால் நட்சத்திரம், வேறென்ன வேண்டும்?

எனக்கே அந்தப் பெயர் முன்பே தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு. அப்பாவின் கூட்டுக்காரர் ஒருவர் முட்டத்தில் இருந்தார், வள்ளத்தில் போய் மீன்பிடிக்கிறவர். தக்கலையில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நெத்தலிக் கருவாடு கொண்டுவருவார். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பாடப்புத்தகத்தில் தென்சிலுவைப் படத்தைக் காட்டி, இது எங்கே மாமா என்று கேட்டேன். முற்றத்துக்கு வந்தார். சுற்றி ஒரு தடவை பார்த்தார். எங்கள் வீட்டைச் சுற்றி மாவும் பிலாவும் தென்னையும். கடலில் நடுராத்திரி திசை தப்பாத மனிதர் எங்கள் முற்றத்தில் திணறிப்போனார்.

"இங்க நிண்ணு கேட்டா நான் என்னத்தச் சொல்ல மக்கா? கரைக்கு வா. நீ எங்க நிக்கேன்னு தெரிஞ்சாத்தான் வெள்ளி எங்க நிக்குன்னு சொல்ல முடியும்."

வைகாசியில் போனோம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார வைத்து, ஒன்பது மணி தாண்டியதும் காட்டினார். கடலுக்கு மேலே, கையை நீட்டி, விரல் மடக்கிய முட்டிமேல் முட்டி வைத்தால் இரண்டு முட்டி உயரத்தில் சிலுவையின் கால். சாயங்காலம் கிழக்கே சாய்ந்து எழும், இப்போது நிமிர்ந்துவிட்டது, இனி மேற்கே சாயும், அந்தச் சாய்வை வைத்து மணி சொல்லலாம் என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலுவையின் காலில் உள்ள நட்சத்திரம் வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்கு, 63 பாகை தெற்கில். நமது அட்சரேகை 8. தொண்ணூறிலிருந்து இரண்டையும் கழித்தால் 19 பாகை. நீட்டிய கையின் முட்டி ஒன்று சுமார் பத்துப் பாகை. இரண்டு முட்டி. அவர் ஆறாங்கிளாஸ் தாண்டாதவர்.

அவருக்குத் துருவ நட்சத்திரத்தில் அக்கறையே இல்லை. இங்கே அது வடக்கே எட்டுப் பாகை உயரத்தில்தான் கிடக்கும். வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் மலையோ தென்னையோ மறைத்துவிடும். தெற்கே மறைக்க ஒன்றுமில்லை. துருவத்தை வைத்துத் திசை சொல்லும் புத்தகங்களெல்லாம் வடக்கே தள்ளி நிற்கிற ஆளுக்காக எழுதியவை.

உங்கள் சித்ரா பௌர்ணமிக்கும் இதே கதைதான். வேறெங்கும் காண முடியாத காட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், பாவம். பௌர்ணமி என்றாலே சூரியனும் நிலாவும் எதிரெதிரே இருப்பதுதான். இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிற எந்த ஊரிலும், எந்தப் பௌர்ணமிக்கும் கிட்டத்தட்ட இதே காட்சி உண்டு. நம் முனையில் கடல் இருப்பதால் திறப்பு அதிகம், அவ்வளவே. அதிலும் நீங்கள் போட்ட மே 12இல் சூரியன் நேர் மேற்கிலிருந்து பதினெட்டுப் பாகை வடக்கே தள்ளி மறைகிறது. கரையோ முனையிலிருந்து வடமேற்காகத் திரும்பிப் போகிறது. ஆக முக்கடல் கூடும் இடத்தில் நின்றால் அன்று சூரியன் விழுவது கடலில் அல்ல, கரைப்பக்கம். சூரியனும் கடலில் விழுந்து நிலாவும் கடலிலிருந்து எழ வேண்டுமென்றால் தை மாதப் பௌர்ணமிக்குப் போங்கள். அப்போது சூரியன் தென்மேற்கில், நிலா வடகிழக்கில், இரண்டு பக்கமும் தண்ணீர். சித்திரைக்கு வருகிற கூட்டத்தில் பாதி அன்று வராது என்பது கூடுதல் சௌகரியம்.

இடம் என்றால் என்ன என்று தெரிந்து கட்டிய கட்டடம் ஒன்று அதே கரையில் இருக்கிறது. காந்தி மண்டபம். அக்டோபர் 2 நண்பகலில் கூரையின் துளை வழியே வெயில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்து மதுரையில் வைத்தால் ஒளி தள்ளி விழும். ஸ்கிரிப்டில் அக்டோபர் 2 நண்பகலை வைத்து, சூரியனின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதே உயரம் நண்பகலில் வேறெந்த நாளில் வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். மார்ச் 11, 12 வாக்கில் வந்து நிற்கும். காந்தியாருக்கு வருடத்தில் இரண்டு பிறந்தநாள். பிள்ளைகளுக்கு வீணையைவிட இது பிடிக்கும்.

இப்போது வேலை சொல்கிறேன். காட்சியைத் தூக்கி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் பள்ளி மொட்டைமாடிக்குப் போங்கள். கையில் போன் திசைகாட்டி, ஒரு நோட்டு. வடக்கிலிருந்து தொடங்கி பத்துப் பத்துப் பாகையாகத் திரும்பி, ஒவ்வொரு திசையிலும் அடிவானம் எவ்வளவு உயரம் மறைக்கிறது என்று நீட்டிய கையால் அளங்கள். சுண்டுவிரல் ஒரு பாகை, நடு மூன்று விரல் ஐந்து, முட்டி பத்து. முப்பத்தாறு வரி வரும். 0க்கு 6, 10க்கு 6, 20க்கு 9 என்று இரண்டிரண்டு எண்ணாக ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி, கூடவே landscape.ini என்ற சின்ன அமைப்புக் கோப்பையும் வைத்தால் ஸ்டெல்லேரியம் அதையே நிலக்காட்சியாக எடுத்துக்கொள்ளும். படம் வேண்டாம். கறுப்பாக ஒரு வெட்டுக்கோடு தெரியும். அது உங்கள் பள்ளியின் வெட்டுக்கோடு. நீங்கள் அளக்காதீர்கள், பிள்ளைகளை அளக்கவிடுங்கள். கோயில் கோபுரம் எது, குருசடி எது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி எது என்று திரையில் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அப்புறம் குருசுவெள்ளி. நட்சத்திரங்களுக்கு ஹிப்பார்க்கஸ் அட்டவணையில் எண் உண்டு, ஸ்டெல்லேரியம் கோடு போடுவது அந்த எண்களை வைத்துத்தான். 61084இலிருந்து 60718க்கு ஒரு கோடு, 62434இலிருந்து 59747க்கு ஒரு கோடு. முடிந்தது சிலுவை. நட்சத்திரப் பெயர்களும் கோடுகளும் கொண்ட ஒரு வான மரபை நாமே தனிக் கோப்பாக எழுதி அதில் சேர்க்க மென்பொருளில் வழி இருக்கிறது. பெயர் எழுதும் இடத்தில் குருசுவெள்ளி என்று தமிழில் எழுதுங்கள். ஆறாமீனும் (கார்த்திகைக் கூட்டம்தான்) விடிவெள்ளியும் கேட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் கடற்கரைப் பிள்ளை ஒன்றாவது இருக்கும், அதன் வீட்டில் ஒரு தாத்தாவும் இருப்பார். என் மாமாவிடம் நான் மூன்று பெயர்களோடு நிறுத்திவிட்டேன். மிச்சம் கேட்க இப்போது ஆள் இல்லை.

உங்கள் மொட்டைமாடியில் தெற்கே ரப்பர் தோட்டம் இருந்தால் ஒரு சங்கடம். இப்போது அளப்பது இலையோடு சேர்ந்த உயரம். தை மாதம் இலை உதிர்ந்தால் இடைவெளியில் வானம் தெரியும், உயரமும் ஒரு விரல் குறையலாம். அதனால் கோப்பின் முதல் வரியில் அளந்த தேதியைக் குறித்து வையுங்கள். இலை உதிர்ந்ததும் இன்னொரு தடவை அளந்து, இரண்டு கோப்பையும் எனக்கு அனுப்புங்கள்.