‘கண்’ணுக்கு மூலச்சொல்: சீனம் ஏன் பொருந்தவில்லை?

வணக்கம். சீன-திபெத்திய மொழிக்குடும்பத்தில் ‘கண்’ணைக் குறிக்கும் மூலச்சொல்லைத் தேடும்போது சீனம் ஏன் பொருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மாண்டரின் (இன்றைய பொதுச் சீனம்) ‘யென்’னைத் திபெத்திய ‘மிக்’கோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். சீனத்தில் கண்ணுக்குப் பழைய சொல் ‘மு’. மாண்டரினில் ஈற்றுக் ககரம் உதிர்ந்துவிட்டது. தென்சீன வழக்கான காண்டனீஸில் ‘முக்’ என்றே நிற்கிறது.

பர்மியத்தை இன்றைய உச்சரிப்பில் எடுக்காதீர்கள், எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்: ‘ம்யக்’. இதுதான் சுவையான இடம். திபெத்திய இகரத்துக்குப் பர்மியத்தில் அகரம் வரும், ஆனால் ஈற்றுமெய்யும் மாறும்: ‘பெயர்’ மிங்–மஞ், ‘ஒன்று’ க்சிக்–தச். அந்தக் கணக்கில் கண் ‘மச்’ ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. அதனால்தான் மொழியியலாளர் ஜேம்ஸ் மாட்டிசாஃப் மூலச்சொல்லுக்கு *மிக், *ம்யக் என இரு வடிவங்கள் வைக்கிறார் (உடுக்குறி, ஒப்பிட்டு ஊகித்த வடிவம் என்பதைக் காட்டும்). ஒன்றாக்க முயலாதீர்கள். சீன உகரம் இரண்டிலும் அடங்காது. மகரமும் ககரமும் மட்டும் உறுதி என்று குறியுங்கள்.