பாதியில் நின்ற விளையாட்டு

கேள்வி: பள்ளிப் பருவத்தில் கியூபேசிக் என்ற பழைய நிரல்மொழியில் தொடங்கிப் பாதியில் விட்ட ரோல் பிளேயிங் கேமை இப்போது முடிக்க விரும்புகிறேன். பழைய நிரலையே தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடரலாம். நிரல் பழைய பிளாப்பி வட்டில் இருந்தால், அதன் காந்தப் பூச்சு நாளாக ஆகக் கெட்டுக்கொண்டே போகும் என்பதால், முதலில் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். கியூபேசிக் நிரலை வெறும் எழுத்துகளாகவே சேமிப்பதால், கியூபி64 என்ற இக்கால மென்பொருளைக் கொண்டு அதை இன்றைய விண்டோஸில் ஓடும்படி செய்துவிடலாம். ஆனால், அக்காலத்தில் பலரும் செய்ததுபோல, அரக்கன் ஒவ்வோர் அடி வைப்பதற்கும் இடையே வெற்று ஃபார்-நெக்ஸ்ட் சுழலை (எந்த வேலையும் செய்யாமல் எண்ணிக்கொண்டே போகும் கட்டளையை) ஆயிரக்கணக்கில் சுற்றவிட்டுத் தாமதம் உண்டாக்கியிருந்தால், இன்றைய கணினியின் வேகத்தில் அவன் கண்ணிமைக்கும் முன்னே உங்கள் வீரனைத் தீர்த்துக்கட்டிவிடுவான். அங்கெல்லாம் உண்மையான நேரத்தைக் கணக்கிடும் டைமரைப் பயன்படுத்துங்கள். ஸ்கிரீன் 13 என்ற கட்டளை தரும் 320க்கு 200 புள்ளித் திரையை மாற்றவேண்டாம், அழகே அதில்தான் இருக்கிறது. எழுதப்படாத ஊர்களைத் தயங்காமல் வெட்டிவிட்டு, இறுதிச் சண்டையை முதலில் எழுதுங்கள்.