வாசகர் கேள்வி – பதில்: மாரிகால மின்தடையும் மண்ணெண்ணெய் விளக்கும்

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் மின்தடை பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றுள் எண்ணெய் விளக்குகள் தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: அம்மப்பா பாவித்த அரிக்கன் லாம்பு ஒன்று பரணில் கிடந்தது. கண்ணாடி உடையவில்லை, தாங்கியில் சற்றுக் கறல் பிடித்திருக்கிறது. மாரிக்கு இதை எடுத்துப் பாவிக்கலாமா? (வாசகர், கொடிகாமம்)

பதில்: பாவிக்கலாம்; ஆனால் கொளுத்துவதற்கு முன் தாங்கி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே பழைய எண்ணெய் மிச்சமிருந்தால் அதை ஊற்றிவிடுங்கள். மஞ்சளாகித் தடித்துப்போன எண்ணெய் திரியை அடைத்துப் புகையைத் தரும். பின்னர் புதிய மண்ணெண்ணெயைப் பாதியளவு விட்டு, பழைய பத்திரிகைத் தாளொன்றின் மேல், நெருப்பு அண்டாத வெளியிடத்தில் ஓர் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை தெரிந்தாலோ, தாங்கியின் பொருத்துகளில் ஈரம் கசிந்திருந்தாலோ அந்த லாம்பை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, கொளுத்தக் கூடாது. ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எண்ணெய் இருந்த தாங்கி வெறுமையாகத் தெரிந்தாலும் அதற்குள் ஆவி நிற்கும் என்பதாலும், சூடு பட்டால் அது வெடிக்கக்கூடும் என்பதாலும், அந்த வேலையை வீட்டில் செய்யக் கூடாது.

தாங்கி தேறிவிட்டால், லாம்பின் இரு பக்கமும் கைபோல் வளைந்து இறங்கும் குழாய்களைக் கவனியுங்கள். தாங்குவதற்காக மட்டும் அவை வைக்கப்படவில்லை. சுடருக்கு வேண்டிய காற்று அவற்றின் வழியாகவே கீழிறங்கி வருகிறது. நெடுநாள் பரணில் கிடந்தவற்றில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதை அகற்றாமல் ஏற்றினால் சுடர் சிவந்து கரிபிடிக்கும். திரியைப் புதிதாக மாற்றுங்கள். புதுத் திரியைப் போட்டு எண்ணெய் விட்டபின் கால் மணி நேரமாவது பொறுத்திருந்தால்தான் அது நுனிவரை ஊறும். ஊறாத திரியைக் கொளுத்தினால் எண்ணெய்க்குப் பதிலாகப் பஞ்சே எரியும். திரியின் நுனியை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் சற்றே மழுக்கிவிடுங்கள். ஏற்றியவுடன் சுடரைத் தாழ்வாக வைத்து, சில நிமிடங்கள் கழித்தே உயர்த்த வேண்டும். லாம்பு சூடேறச் சூடேறச் சுடர் தானாகவே உயரும் என்பதால், தொடக்கத்திலேயே தூண்டிவிட்டு அப்பால் போனவர் திரும்பி வரும்போது சிமினி கறுத்திருக்கும், சில வேளை வெடித்துமிருக்கும். சூடான சிமினியில் மழைத்துளியோ ஈரக் கையோ பட்டாலும் அதே கதிதான்.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, லாம்பின் மேற்புறத்திலிருந்து எழும் சூட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிடுகுக் கூரையுள்ள குசினியில் தூக்குவதானால் லாம்புக்கு மேலே ஒரு மீற்றருக்குக் குறையாத இடைவெளி இருக்க வேண்டும். நைலோன் கயிற்றில் கட்டாமல் கம்பியில் கொழுவ வேண்டும். மேசையில் வைப்பதானால் விரிப்பை எடுத்துவிட்டு, சேலைத் தலைப்பும் திரைச்சீலையும் எட்டாத இடமாகப் பாருங்கள்.

கேள்வி: தோட்டத்துப் பம்புக்காகக் கொட்டிலில் மண்ணெண்ணெயும் பெற்றோலும் வைத்திருக்கிறோம். விளக்குக்கு எண்ணெய் போதாதபோது கொஞ்சம் பெற்றோலைக் கலந்தால் நன்றாக எரியும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணை. சரியா? (வாசகர், அச்சுவேலி)

பதில்: ஒரு துளியும் கலக்கக் கூடாது. இந்தப் பகுதியில் வரும் எல்லாக் கேள்விகளுள்ளும் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் எண்ணெயிலிருந்து எழும் ஆவி, நெருப்புப் பொறியொன்று பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்வதற்கு ஒரு குறைந்தபட்ச வெப்பநிலை உண்டு. மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல். பெற்றோலுக்கோ அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை. அதாவது நம்மூர்ச் சூட்டில் பெற்றோல் எந்நேரமும் பற்றத் தயாராகவே நிற்கிறது, மண்ணெண்ணெய் அப்படியில்லை. மண்ணெண்ணெய் லாம்பு முழுவதும் இந்த வேறுபாட்டை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது: திரியின் நுனியில் மட்டும் ஆவி எரிய, தாங்கிக்குள் இருப்பது அமைதியாகக் கிடக்கும். அதில் சிறிதளவு பெற்றோல் சேர்ந்தாலும் பற்றும் வெப்பநிலை சடுதியாகக் கீழிறங்கி, தாங்கிக்குள் நிற்கும் ஆவியே வெடிபொருளாகிவிடும். பக்கத்து வீட்டு அண்ணை பெற்றோலில் தொடக்கிப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பம்பைப் பார்த்துப் பழகியவராக இருக்கலாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் ஓடின. இயந்திரம் வெடிப்பைத் தனக்குள்ளே தாங்கும்படி வார்க்கப்பட்டது. தகரத் தாங்கிக்கு அந்த வலு கிடையாது.

எரிந்துகொண்டிருக்கும் லாம்புக்கு எண்ணெய் விடக் கூடாது என்பதற்கும் இதே காரணந்தான். மணிக்கணக்கில் எரிந்த லாம்பின் மேற்பகுதி 38 பாகையை எப்போதோ தாண்டியிருக்கும். அதன்மேல் சிந்தும் மண்ணெண்ணெய் அந்தக் கணத்தில் பெற்றோலைப் போலவே நடந்துகொள்ளும். அணைத்து, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு, முற்றத்துக்குக் கொண்டுபோய், புனல் வைத்து விடுங்கள். கழுத்துவரை நிரப்பாமல் சற்று இடம் விட்டால் சூட்டில் விரியும் எண்ணெய் வழியாது. இதைப் பகல் வெளிச்சத்திலேயே செய்து முடிப்பது உத்தமம். இருட்டில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு லாம்புக்கு எண்ணெய் விடும் வழக்கத்தை எந்த வீட்டிலும் அனுமதிக்கக் கூடாது.

கொட்டிலில் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் வெவ்வேறு நிறக் கான்களில், பெயர் எழுதி, எட்டத் தள்ளி வையுங்கள். கரையோரத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: படகு இயந்திரத்துக்காக 2ரி ஓயில் கலந்த மண்ணெண்ணெய் விளக்குக்கு உதவாது; புகை தாங்காது. டீசலும் அவ்வாறே திரியை அடைத்துப் புகையும். தேங்காய் எண்ணெய் குத்துவிளக்குக்கு உரியது. அரிக்கன் லாம்பின் நீண்ட திரியில் அது போதிய அளவு ஏறாது.

கேள்வி: மழையும் நுளம்பும் காரணமாக யன்னல்களைப் பூட்டிக்கொண்டு படுக்கிறோம். பிள்ளைகள் இருட்டுக்குப் பயப்படுவதால் லாம்பைத் தணித்துவிட்டு அறைக்குள் வைக்கலாமா? (வாசகி, நல்லூர்)

பதில்: பூட்டிய அறைக்குள் வைக்க வேண்டாம். எந்தச் சுடரும் அறையின் ஒட்சிசனைச் செலவழிக்கும். காற்று போதாத சுடர் காபனோரொட்சைட்டையும் வெளிவிடும். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைவதால், உறங்குபவர் அறியாமலே மயங்கிவிடலாம். தலையிடி, தலைசுற்று, குமட்டல் என்பன முதல் அறிகுறிகள். அவை வீட்டில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தோன்றினால் காய்ச்சலென்று எண்ணாமல் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். மிகத் தணித்து எரியும் லாம்பு பாதுகாப்பானது என்ற எண்ணமும் பிழை. அது எண்ணெயை முழுமையாக எரிக்காமல் மணத்தையும் புகையையும் கிளப்பும்.

பிள்ளைகளின் பயத்துக்கு மின்கலத்தில் எரியும் சிறிய எல்ஈடி விளக்கே பொருத்தமானது. சொல்லப்போனால், முதலிரண்டு இரவுகளுக்கு எல்லாருக்கும் அதுவே போதும். புயலடித்து நாட்கணக்கில் மின்சாரம் வராமல், மின்கலமும் தீர்ந்த வேளைக்குத்தான் லாம்பு. 2008 நவம்பரில் நிஷா புயல் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அத்தகைய நாட்களை விளக்கத் தேவையில்லை. அப்போதும் ஆட்கள் விழித்திருக்கும் இடத்தில், எதிரெதிரான இரண்டு யன்னல்களையாவது சற்றுத் திறந்து வைத்துப் பாவியுங்கள். நுளம்புக்காகச் சிரட்டைக்கரியில் புகை போட்டு அறையைப் பூட்டுவதும், ஜெனரேற்றரை விறாந்தையில் ஓடவிடுவதும் லாம்பைவிடப் பன்மடங்கு ஆபத்தானவை.

கேள்வி: தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தே நாங்கள் பரீட்சை எழுதினோம். அதையே இப்போதும் செய்தால் என்ன? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: அந்தச் சிக்கனத்தை மதிக்கிறோம். ஆயினும் வேறு வழியில்லாத காலத்துக்கு உரிய விளக்கு அது. உயரமான, எடை குறைந்த போத்தல் தட்டுப்பட்டால் உருளும். இறுகாத மூடியும் திரியும் கழன்றால் எண்ணெய் முழுவதும் ஆடையில் கொட்டி எரியும். இலங்கையில் இவ்வகைப் போத்தல் விளக்குகளால் எரிந்து வந்த நோயாளரைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குள்ளமான, பாரமான, திருகு மூடியுடைய கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் அது உருளாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வீட்டில் போத்தல் விளக்குத்தான் என்றால், இந்தப் பண்புகள் அதில் உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: கோயில் திருவிழாவுக்கு எடுத்த பெற்றோமாக்ஸை வீட்டுக்குள் பாவிக்கலாமா? (வாசகர், ஊர்காவற்றுறை)

பதில்: முற்றத்துக்கும் பந்தலுக்கும் உரியது அது, அறைக்கு வேண்டாம். அமுக்கத்தில் வேலை செய்வதால், எண்ணெய் விடுமுன் அணைத்து, காற்றை முழுவதுமாகத் திறந்துவிட்டு, ஆறவிட வேண்டும். சுடரில் ஒளிரும் வலைப்பையான மேன்டிலின் பழைய வகைகளில் சிறிதளவு கதிர்வீச்சுள்ள தோரியம் சேர்க்கப்பட்டிருந்ததால், உடைந்த மேன்டில் தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: அயல்வீட்டுக் குழந்தை தண்ணீரென்று நினைத்து மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது, நல்லவேளை பிழைத்துக்கொண்டது. உடனே என்ன செய்ய வேண்டும்? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வயிற்றிலுள்ள மண்ணெண்ணெயைவிட, திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கும் மண்ணெண்ணெயே கேடு செய்கிறது. உப்புத் தண்ணீர், பால், இளநீர் எதையும் பருக்காமல், எண்ணெய் பட்ட உடுப்பைக் கழற்றித் தோலைச் சவர்க்காரத்தால் கழுவி, குழந்தையை நிமிர்த்தி வைத்தபடி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அல்லது கிடைக்கும் வாகனத்தில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குழந்தை சிரித்து விளையாடினாலும் இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்துத் தொடங்கக்கூடும் என்பதால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எந்த எண்ணெய், ஏறத்தாழ எவ்வளவு என்று வைத்தியர் கேட்பார். குடித்த போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.