திமிங்கிலம் யார் கணக்கில்? – கேள்வி பதில்

கேள்வி: லாப வெறிதானே இயற்கையை அழிக்கிறது? சோஷலிச நாட்டில் இப்படி நடந்திருக்காது அல்லவா?

பதில்: நடந்தது. 1948 முதல் 1973 வரை சோவியத் கப்பல்கள் தென்கடல்களில் 48,000-க்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. வெளியே காட்டிய கணக்கு 2,710. முதலாளி யாரும் இல்லை. ஆண்டு இலக்கு இருந்தது, தாண்டினால் போனஸ் இருந்தது. கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளியதும் உண்டு. பிடித்த எடைதானே கணக்கு, பயன்பட்டதா என்று யார் கேட்டார்கள்? பருத்தி இலக்குக்காக ஆறுகளைத் திருப்பி மத்திய ஆசியாவின் ஏரல் கடலை வற்றவைத்ததும் இதே புத்திதான்.

கேள்வி: அப்படியானால் சந்தையே மேல் என்கிறீர்களா?

பதில்: அவசரப்படாதீர்கள். 1973-இல் காலின் கிளார்க் என்ற கணிதவியலாளர் ஒன்றைக் காட்டினார். திமிங்கிலம் பெருகும் வேகம் வட்டி விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால், ஆண்டுக்குக் கொஞ்சமாகப் பிடிப்பதைவிட மொத்தத்தையும் இப்போதே பிடித்து விற்று, பணத்தை வேறு தொழிலில் போடுவது லாபமாகிவிடலாம். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான். மெதுவாக வளரும் காட்டு மரத்துக்கும் இதே கதி.

கேள்வி: நான் சைவத்துக்கு மாறினால் போதுமா?

பதில்: மாறுங்கள், நல்லதுதான். ஆனால் அரசுகள் மீன்பிடிக் கப்பல்களுக்குத் தரும் மானியம் உங்கள் தட்டைப் பார்த்து முடிவாவதில்லை.

கேள்வி: கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இரக்கமே கிடையாதா?

பதில்: பலருக்கு உண்டு. கிலோவுக்குச் சில்லறைதான் மிஞ்சும் என்றால் அதைக் காட்ட வழியில்லை. 1957-ஆம் ஆண்டு ரகக் கறிக்கோழியையும் 2005 ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய ரகம் சுமார் 900 கிராம். புதியது 4 கிலோவுக்கு மேல். அந்த எடையைப் பல கோழிகளின் கால்கள் தாங்குவதில்லை. முட்டை ரகத்துச் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது என்று பல நாடுகளில் பொரித்த அன்றே கொல்கிறார்கள். ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் போட்டியில் நொடித்துப்போவார். விதி எல்லோருக்கும் சேர்த்து மாற வேண்டும். வசதி எதுவுமற்ற கம்பிக்கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் அப்படித்தான் ஒழித்தது.

கேள்வி: பொதுச் சொத்து என்றாலே நாசம்தானே?

பதில்: யார் வேண்டுமானாலும் புகுந்து அள்ளலாம் என்றால் நாசம்தான். ஸ்விட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் தீவனம் போட முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டிய ஊர் இது. அடுத்த வீட்டுத் தொழுவத்தில் எத்தனை மாடு என்பது ஊருக்கே தெரியும். நடுக்கடலில் கப்பல் எதைப் பிடிக்கிறது என்று எட்டிப்பார்க்க ஆளில்லை.