இரண்டு வீடு வாங்கலாமா?

கேள்வி: அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். கோடை எங்கள் இருவருக்குமே ஒத்துக்கொள்வதில்லை. இருக்கும் வீட்டை விற்றுவிட்டு மலைப்பக்கம் ஒன்று, சமவெளியில் ஒன்று என இரண்டு சின்ன வீடுகளாக வாங்கி, மாறி மாறி இருக்கலாம் என்று நினைக்கிறேன். மனைவிக்கு அரைமனசுதான். சரிப்பட்டு வருமா?

பதில்: இடம் மாறி இருப்பது நல்ல யோசனை, வீட்டை விற்பதுதான் அவசரப்பட்ட முடிவு. வெயிலிலிருந்து தப்ப நினைப்பதை யாராவது ஆடம்பரம் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வயதாக ஆக உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறன் குறையும், தாகமும் சரியாகத் தெரியாது.

ஆனால் ரொம்ப உயரத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினாலே வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும், பலருக்கு அது போதும். அதற்கு மேல் ஏற ஏற குளிர் கூடும், ஆஸ்பத்திரியும் தூரமாகிவிடும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்பதை, ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்பதற்கு முன்னால் கேளுங்கள்.

அங்கே வீடு வாங்காதீர்கள், ஒரு சீசன் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள். சொந்த வீடு என்றால் நீங்கள் இல்லாத மழைக்காலத்திலும் அது அங்கேதான் நிற்கும், ஒழுகும், கரையான் ஏறும், ஒவ்வொன்றுக்கும் யாரையாவது போனில் கெஞ்ச வேண்டும். தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் கிடந்தால் இழப்பீட்டை மறுக்கும் அல்லது குறைக்கும் வீட்டுக் காப்பீடுகளும் உண்டு, ஆகவே இப்போதைய வீட்டைப் பூட்டிப் போகும்போதும் பாலிசியை ஒருமுறை படித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் தொட்டியிலும் குழாயிலும் தேங்கிய தண்ணீரை, ஜன்னல்களைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு வெளியேற்றிய பிறகே குளிக்கப் போங்கள், தேங்கிய தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரலாம்.

மருந்து விஷயம் சின்னதுதான். பிராண்டு பெயர் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் மூலப்பெயரும் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) அளவும் எழுதிய சீட்டு இருவர் பையிலும் இருக்கட்டும். அப்புறம், வேறு நாட்டுக்குப் போகும் எண்ணம் வந்தால் நாள் கணக்கு முக்கியம். பல நாடுகளில் ஒரு வருடத்தில் 183 நாள் இருந்துவிட்டால் வரி விஷயத்தில் உங்களை அந்த ஊர்க்காரராகவே எடுத்துக்கொள்வார்கள்.

மனைவியின் அரைமனசுக்கு வருகிறேன், ஏனென்றால் கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஓய்வு பெறுவது நீங்கள், இரண்டு வீடு என்றால் இரண்டு சமையலறை, இரண்டு முறை மூட்டை கட்டுதல், இரண்டு இடத்திலும் புதிதாக அக்கம்பக்கம் பழகுதல், இதையெல்லாம் இதுவரை யார் செய்தார்களோ அவர்களுக்கு வேலை இரட்டிப்பாகிறது. அதில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதை வாயால் சொல்லுங்கள், எந்தப் பாதி என்பதையும் சேர்த்து. இன்னொன்றும் பேச வேண்டும், சங்கடமான பேச்சுதான்: இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் அவர் எங்கே இருக்க விரும்புவார்? தெரிந்த முகங்களும் பழகிய டாக்டரும் இருக்கும் இடமாக அது இருக்கும் என்பது என் ஊகம், அதாவது நீங்கள் விற்க நினைக்கும் அதே வீடு.

வருகிற கோடைக்கு வாடகை வீட்டை மனைவியையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். விற்பதா வேண்டாமா என்பதை இரண்டு கோடை போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.